வெள்ளை ஷூ துவைக்க: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

முதன்முதலாக வாங்கிய வெள்ளை ஷூவை மூன்றாவது வாரமே நான் மஞ்சளாக்கிவிட்டேன். பாளையங்கோட்டையில் சித்திரை மாதம். நீலத் துணி சோப்பை எடுத்து, துணி துவைக்கும் பிரஷ்ஷால் நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தேன். போர் தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்தேன். மொட்டை மாடியில், வெறுங்காலை வைக்க முடியாத சூட்டில், கைப்பிடிச் சுவர் மேல் வெயிலைப் பார்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ரப்பர் விளிம்பை ஒட்டி, காப்பி டம்ளர் வைத்து எடுத்த வளையம் போல ஒரு மஞ்சள் கோடு. விரல் பக்கம் திட்டுத் திட்டாகத் தீவுகள். அழுக்காக இருந்தபோது பார்க்க இதைவிட நன்றாக இருந்தது.

மறுநாள் ஆச்சி அதைக் கையில் வாங்கினாள். பக்கத்தில் இருந்த செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, மஞ்சள் திட்டின் மேல் வைத்து இரண்டு தேய்ப்பு தேய்த்தாள். முழுக்கக் காய்ந்து ஒரு ராத்திரி போன ஷூவிலிருந்து வெள்ளையாக நுரை கிளம்பியது. “சோப்பு அத்தனையும் உள்ளேயே இருக்கிறது. நீ எங்கே அலசினாய்?” என்றாள். தாத்தாவின் வேட்டிகளை ஆயுள் முழுக்கத் துவைத்த கை அது. ஷூ ஒன்றை அவள் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

அதற்குப் பிறகு பல ஜோடிகளைத் துவைத்திருக்கிறேன். என்னுடையவை, மைனி பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கேன்வாஸ்கள், அண்ணன் வாங்கி இரண்டே முறை போட்டுவிட்டு ஒதுக்கிய விலை உயர்ந்த ஸ்னீக்கர். அழுக்கு கெடுத்த ஷூவைவிட, உள்ளே தங்கிய சோப்பு கெடுத்த ஷூவைத்தான் அதிகம் பார்த்தேன். ஆகவே இங்கே தேய்ப்பதைவிட அலசுவதற்கும் காய வைப்பதற்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். அவசரக்காரர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஷூ எந்த ரகம்

ஷூவின் நாக்கை வெளியே இழுத்து உட்புறம் பாருங்கள். பல ஷூக்களில் ஒரு சிறிய சீட்டோ அச்சோ இருக்கும். ஆட்டுத்தோலை விரித்து வைத்ததுபோல் படம் இருந்தால் தோல். வலை பின்னியதுபோல் இருந்தால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் ரெக்ஸின் மாதிரியான செயற்கைப் பொருள். சீட்டு இல்லையென்றால் கண்ணும் விரலும் போதும்: கேன்வாஸில் நெசவு தெரியும், மெஷ் என்கிற வலைத்துணியில் ஓட்டைகள் தெரியும், தோலும் செயற்கைத் தோலும் வழவழப்பாக இருக்கும்.

கேன்வாஸ் தண்ணீரைத் தாங்கும். மெஷ்ஷும் தாங்கும், ஆனால் முரட்டு பிரஷ் பட்டால் நூல் எழும்பிப் பஞ்சு பஞ்சாகிவிடும். தோலையும் செயற்கைத் தோலையும் துடைக்கலாம், முக்கி ஊற வைக்கக் கூடாது. பொசுபொசுவென்று வெல்வெட் போல இருக்கும் ஸ்வேட் தோல் என்றால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள், கருமை பட்ட இடத்தைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். வீட்டு வைத்தியம் எதுவும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

தண்ணீர்

எங்கள் ஊரில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் ஒன்று, மோட்டார் போட்டு ஏற்றும் போர் தண்ணீர் இன்னொன்று. ஆற்றுத் தண்ணீரில் சோப்பு சட்டென்று நுரைக்கும், சட்டென்று போய்விடும். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. திசையன்விளை, உவரி என்று கடலோரத்தை நோக்கிப் போகப் போக இன்னும் மோசம். குழாய் மூக்கிலும் வாளி அடியிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் கடின நீர்தான். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுபிசுப்பாக மாறி நெசவுக்குள் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த பிறகு சாம்பல் பூத்ததுபோல் தெரிவது அதுதான்.

துவைப்பதற்குப் போர் தண்ணீரே போதும். கடைசி இரண்டு அலசலுக்காவது ஆற்றுத் தண்ணீரை ஒரு வாளி தனியாகப் பிடித்து வையுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது. இரண்டும் இல்லாத ஊர்க்காரர்கள் கட்டி சோப்பைத் தொடவே வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவமோ ஷாம்புவோ உப்புத் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும், அலசினால் போகும். துணி சோப்புக் கட்டிகளில் கெட்டித்தன்மைக்காகக் களிமண், சுண்ணாம்புத் தூள் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். சட்டையை அடித்துத் துவைக்கும்போது அவை வெளியே போய்விடும். ஷூவை அப்படி அடிக்க முடியாதே.

எடுத்து வைக்க வேண்டியவை

பழைய பல் பிரஷ் இரண்டு, ஒன்று ரப்பருக்கு, ஒன்று மேல்பாகத்துக்கு. குளிக்கப் பயன்படுத்தும் காய்ந்த பீர்க்கங்கூடு கேன்வாஸுக்கு அருமையான தேய்ப்பான். நனைத்து மென்மையாக்கிக்கொள்ள வேண்டும். தேங்காய் நாரை அடிப்பாகம் தவிர வேறெங்கும் கொண்டுபோகாதீர்கள். கிழித்த பழைய வெள்ளை வேட்டித் துண்டுகள் நாலைந்து. ஷாம்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவம், சாயம் இல்லாததாக. ஒரு எலுமிச்சம்பழம், புளியங்குடிப் பழமாக இருந்தால் அரை மூடியே போதும். சமையல் சோடா இரண்டு கரண்டி.

சோடா வாங்கும்போது கவனம். கடையில் வெறுமனே “சோடா” என்று கேட்டால் சலவை சோடாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம். இரண்டும் வெள்ளைத் தூள்தான். சலவை சோடாவின் காரம் மிக அதிகம், தோலை வறட்டிவிடும், கையையும் அரிக்கும். “அண்ணாச்சி, ஆப்பத்துக்குப் போடுகிற சோடா” என்று சொல்லிக் கேளுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சிறிய பாட்டில் இருந்தால் பழைய மஞ்சளுக்கு உதவும். நம் கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதக் கரைசல். லேபிளைப் பார்த்து, சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கிக்கொள்ள வேண்டும். கையுறை போடுங்கள். விரலில் பட்டால் தோல் வெளிறி சுருக்கென்று குத்தும்.

துவைக்கும் வேலை

காலையில் ஆரம்பியுங்கள். சாயங்காலம் துவைத்த ஷூ ராத்திரி முழுக்க ஈரமாகக் கிடந்து நாறும்.

முதலில் தண்ணீரே படாமல் தட்ட வேண்டும். வாசலில் இரண்டு ஷூவையும் அடியோடு அடி மோதி, காய்ந்த மண்ணை உதிருங்கள். அடிப்பாகத்தின் வரிகளில் சிக்கிய கல்லை ஈர்க்குச்சியால் நெம்பி எடுங்கள். பிறகு காய்ந்த பல் பிரஷ்ஷால் மேல்பாகம், தையல் ஓரம், நாக்கின் மடிப்பு எல்லாம் துலக்குங்கள். ஈரத் துணியை முதலில் வைத்தவர்கள் தூசியைச் சேறாக்கி நெசவுக்குள் ஏற்றிவிடுகிறார்கள்.

கயிற்றையும் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் தலையணையையும் உருவிவிடுங்கள். கயிறு பருத்தியாக இருந்தால் சுடுதண்ணீரில் துவைப்புத் தூள் போட்டு ஊறட்டும். ஷூவின் மற்ற பாகங்களில் நம் வேலை முடியும்போது அதுவும் வெளுத்திருக்கும். ஷூவுக்குச் சுடுதண்ணீர் கூடாது. அந்தக் காலத்தில் உவர்மண்ணில் முக்கி, நீராவியில் வெள்ளாவி வைத்து வெளுத்தார்களே என்று கேட்கலாம். அது பருத்தித் துணி. இது பசை போட்டு ஒட்டியது. சூடு பட்டால் பசை இளகி, ரப்பர் வாயைப் பிளக்கும்.

அடுத்தது ரப்பர். மேல்பாகத்துக்கு முன் இதை முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பரில் இருந்து தெறிக்கும் கருப்புத் தண்ணீர் துவைத்த துணியில் விழும். ஈர பிரஷ்ஷில் சமையல் சோடாவைத் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். வெள்ளைப் பற்பசையும் இதே வேலையைச் செய்யும், அதில் உள்ள மென்மையான தூள்தான் காரணம். ஜெல் பற்பசை வேண்டாம், சிவப்பு வேண்டாம், ரோஸ் நிறப் பல்பொடி வேண்டவே வேண்டாம். ஒரு பையன் அதைப் போட்டுத் தேய்த்து, வெள்ளை ரப்பரை மிட்டாய் நிறத்தில் கொண்டு வந்தான்.

இனி மேல்பாகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஷாம்பு. இவ்வளவுதான். நுரை குறைவாக இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி ஊற்றத் தோன்றும், அங்கேதான் கை நிற்க வேண்டும். கேன்வாஸ் என்றால் பிரஷ்ஷையோ பீர்க்கங்கூட்டையோ அதில் நனைத்து, சிறு வட்டங்களாக, ஒரு உள்ளங்கை அளவு இடத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அழுக்கு இளகியதும் ஈர வேட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள். மெஷ் என்றால் பிரஷ்ஷை அழுத்தாமல் தட்டித் தட்டி. தோல் என்றால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, துடைத்து, உடனே வேறு ஈரத் துணியால் இன்னொரு முறை துடைத்து, காய்ந்த துணியால் முடிக்க வேண்டும். தோலுக்குச் சமையல் சோடாவும் பற்பசையும் போடாதீர்கள், மேல்பூச்சு சொரசொரப்பாகி அதில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும். பளபளப்புக்கென்று தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெள்ளைத் தோலில் அது தூசியைப் பிடித்து, நாளாக ஆக மஞ்சளாகத் தெரியும். நிறமில்லாத பாலிஷ் கொஞ்சம் போதும்.

சோடாவின் மேல் எலுமிச்சையைப் பிழிந்து பொங்க வைப்பதைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். பார்க்க உற்சாகமாக இருக்கும். பொங்குவது கரியமில வாயு. காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிச்சம் உப்புத் தண்ணீர்தான். சோடா தன் வேலையைத் தனியாகச் செய்யட்டும், எலுமிச்சையைக் கடைசி அலசலுக்கு வைத்திருங்கள்.

அலசல்

கேன்வாஸையும் மெஷ்ஷையும் சுத்தமான தண்ணீரில் நனைத்து, உள்பக்கமாகக் கையை விட்டு வெளியே தள்ளிப் பிழிய வேண்டும். நெசவுக்குள் இருக்கும் தண்ணீர் மாற வேண்டும், மேலே ஓடினால் போதாது. தண்ணீரை மாற்றி மாற்றி நான்கு முறை.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. விரல் பக்கத்தைப் பிழிந்து வரும் தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, வாயைக் கையால் மூடிக் குலுக்குங்கள். ஓரத்தில் நுரை நின்றால் இன்னும் சோப்பு இருக்கிறது. குமிழி வந்த வேகத்தில் உடைந்து போனால் சரி. ஆச்சி விரலால் செய்த சோதனையை நான் டம்ளருக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நுரை வராமல் போன பிறகு, ஒரு லிட்டர் தண்ணீரில் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி கலந்து ஷூவை நனைத்து, இரண்டு நிமிடம் வையுங்கள். வெள்ளை வினிகர் இருந்தால் அது இன்னும் நல்லது, அதில் சக்கையோ சர்க்கரையோ கிடையாது. சோப்பின் காரம் மிச்சம் இருந்தால் இந்த லேசான அமிலம் அதைத் தீர்த்துவிடும். பிறகு வெறும் தண்ணீரில் கடைசி அலசல், இதைத் தவற விடாதீர்கள்; எலுமிச்சைச் சாறு உள்ளே இருந்து காய்ந்தால் அதுவே பழுப்பாகும். பித்தளைக்குப் புளி போடுகிற ஞாபகத்தில் புளியைக் கரைத்துவிட வேண்டாம். அது விளக்கைத் துலக்கும், வெள்ளைத் துணியில் கறை வைக்கும்.

காய வைப்பது

தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாத்தியில் கடல்நீர் நிற்கிறது, வெயிலில் தண்ணீர் போகிறது, உப்பு தங்குகிறது. ஷூவும் அப்படித்தான். நெசவுக்குள் இருக்கும் ஈரம் மேல்புறத்துக்கு வந்துதான் காற்றில் போக வேண்டும். வரும்போது தன்னோடு மிச்சச் சோப்பையும் கரைந்த அழுக்கையும் பசையின் பழுப்பையும் தூக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் போய்விடும், மற்றதெல்லாம் எந்த இடம் கடைசியாகக் காய்கிறதோ அங்கே, அதாவது ரப்பர் ஓரத்திலும் விரல் பக்கத்திலும், படிந்துவிடும். என் மஞ்சள் கோடு அங்கே வந்ததற்கு இதுதான் காரணம்.

ஆகவே அந்தப் படிவுக்கு வேறு இடம் கொடுக்க வேண்டும். ஷூவைக் காய்ந்த துணியால் ஒற்றிய பிறகு, ஈரமாக இருக்கும்போதே வெள்ளை டிஷ்யூ காகிதத்தை இரண்டு அடுக்காக, சுருக்கமில்லாமல், துணியோடு ஒட்டும்படி சுற்றிவிடுங்கள். டிஷ்யூ இல்லையென்றால் மெல்லிய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து போர்த்தலாம். இப்போது மேல்புறம் என்பது காகிதம்தான். மறுநாள் உரித்துப் பார்த்தால் காகிதத்தில் மஞ்சள் வரிகள் இருக்கும், ஷூவில் இருக்காது. முதல் தடவை இதைப் பார்த்தபோது உரித்த காகிதத்தைக் கொண்டுபோய் ஆச்சியிடம் காட்டினேன். அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அதை ஏன் வீட்டுக்குள் கொண்டு வந்தாய்?” என்றாள்.

உள்ளே வடிவம் கெடாமலிருக்கத் துணியைச் சுருட்டித் திணியுங்கள். செய்தித்தாளை நேராகத் திணித்தால் மை ஈரத்தில் இறங்கும்; திணிப்பதாக இருந்தால் மேலே வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். நேர் வெயில் வேண்டாம். வெள்ளைத் துணிகளுக்கு ஆலையிலேயே ஏற்றும் வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிரில் சிதைந்து, அந்த நீலவெள்ளைப் பளிச்சு போய்விடும். பசையும் காயும். தார்சா என்கிற முன்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, குதிகால் தரையில், விரல் பக்கம் சுவரில் சாய்ந்தபடி வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு பகல், ஒரு ராத்திரி. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாளுக்குக் குறையாது.

வாஷிங் மெஷினைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கேன்வாஸை மட்டும், கயிற்றை உருவி, துணிப்பைக்குள் கட்டி, குளிர்ந்த தண்ணீரில், மென்மையான சுற்றில் போடலாம். நான் போடுவதில்லை.

பழைய மஞ்சள் இருந்தால்

சமையல் சோடா ஒரு மேசைக்கரண்டி, 3 சதவீதமாக்கிய பெராக்சைடு ஒரு மேசைக்கரண்டி, குழைத்துக் கேன்வாஸில் பூசி நிழலில் அரை மணி நேரம் வைத்துத் தேய்த்து, மேலே சொன்னபடி அலசுங்கள். நிறப் பட்டையோ எழுத்தோ இருந்தால் அதை ஒட்டிப் பூசாதீர்கள். முதலில் நாக்கின் மறைவான மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது. ரப்பர் பழுத்திருந்தால் இதே குழம்பை ரப்பர் மேல் மட்டும் பூசி, காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைக்கலாம். கலந்ததை மூடிய பாட்டிலில் மிச்சம் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

சொட்டு நீலம் அழுக்கை எடுப்பதில்லை. மஞ்சளின் மேல் நீலம் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. கயிறுகளுக்குப் போடலாம்; அரை வாளித் தண்ணீரில் இரண்டே சொட்டு, கலக்கிய பிறகே கயிறு இறங்க வேண்டும். ஷூவில் அது ஒரே சீராகப் பிடிக்காது.

நம் பக்கத்துக் கறைகள்

கரிசல் மண்: சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்குத் தெரியும், ஷூவின் எடை இரண்டு மடங்காகும். ஈரத்தில் கை வைக்காதீர்கள். முழுக்கக் காய்ந்தால் தானே வெடித்து ஏடு ஏடாகப் பெயரும்.

தேரி மண்: சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலின் நிறம் இரும்பு ஆக்சைடு. இதையும் காய்ந்த பின் தட்டி, துலக்கி, பிறகுதான் நனைக்க வேண்டும். தங்கும் செம்மைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் பூசி அரை மணி நேரம் வைத்து அலசலாம். கயிற்று ஓட்டையின் உலோக வளையம் துருப்பிடித்து வைக்கும் கறைக்கும் இதே மருந்து. துருவின் மேல் ப்ளீச் ஊற்றினால் அது நிரந்தரமாகிவிடும்.

அல்வா நெய்: திருநெல்வேலி டவுன் ரத வீதியில் நின்றபடி சுடச்சுட அல்வா சாப்பிடுகிறவர்களின் ஷூவில் இது விழாமல் இருந்தால்தான் அதிசயம். இலையைச் சாய்த்த பக்கம் ஒரு சொட்டு, சரியாக வெள்ளை மெஷ்ஷின் நடுவில். கைக்குட்டையால் தேய்த்தால் பத்துப் பைசா அளவு இருந்தது ஐந்து ரூபாய் அளவாகும். ஒற்றி மட்டும் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அரிசி மாவோ முகப் பவுடரோ குவியலாக வைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். மாவு நெய்யைக் குடித்துக் கட்டியாகும். தட்டிவிட்டு மறுபடி ஒரு குவியல். அதன் பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு நேராக அந்த இடத்தில் வைத்து, தேய்த்து, அலசினால் தடம் தெரியாது.

மஞ்சளும் சாம்பாரும்: சோப்பு பட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சளின் நிறம் அப்படி மாறும். அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும். வெயில் நல்லது செய்வது இந்த ஒரு கறைக்குத்தான். அந்த இடத்தை மட்டும் வெயில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெளிறும்.

வாழைக் கறை: களக்காட்டிலும் சேரன்மகாதேவியிலும் வாழைத்தோட்டத்துக்குள் வெள்ளை ஷூவோடு போகிறவர்களுக்கு என்ன சொல்வது! சொட்டும்போது நீராகத் தெரிவது காற்றுப் பட்டதும் கருக்கும். சோப்பு போட்டால் இன்னும் கருக்கும். அந்த நிமிடமே தண்ணீர் விட்டு, எலுமிச்சை தேய்த்தால் கொஞ்சம் தப்பும். காய்ந்துவிட்டால் பெராக்சைடு வெளிறச் செய்யும், போக்காது. என் இடது ஷூவில் ஒன்று அப்படியே இருக்கிறது.

பேனா மை: கை கழுவும் சானிடைசரைத் துணியில் தொட்டு ஒற்றுங்கள், ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் புதுப் பக்கம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் செயற்கைத் தோலின் பூச்சைக் கரைத்துவிடும்.

வெள்ளத்தில் முங்கியது: 2023 டிசம்பர் 17, 18 மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் சாக்கடையும் கலந்திருந்தது. அப்படி நனைந்த ஷூவின் தலையணையைத் தூக்கி எறியுங்கள். மற்றதைக் கையுறையோடு, ஓடும் தண்ணீரில் வண்டல் முழுக்கப் போன பிறகு துவைக்கலாம். காய்ந்த பிறகும் நாற்றம் இருந்தால் ஷூவையும் விட்டுவிடுவதே மேல்.

இதைச் செய்யாதீர்கள்

ப்ளீச்சும் ப்ளீச்சிங் பவுடரும் வெள்ளை ஷூவுக்கு வேண்டாம். பருத்திக்குச் சரி, மெஷ்ஷிலும் தையலிலும் உள்ள சில செயற்கை நூல்களை அது மஞ்சளாக்கும், இழுபடும் பட்டைகளைத் தளர்த்தும். அதைவிட முக்கியம், ப்ளீச்சோடு எலுமிச்சை, வினிகர், கழிவறை கழுவும் அமிலம் எதையும் சேர்க்கக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு. குளியலறைக் கதவை மூடிக்கொண்டு இந்தக் கலவை செய்தால் மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து. தவறிக் கலந்துவிட்டால் வாளியை அப்படியே விட்டுவிட்டு உடனே வெளியே காற்றுக்கு வாருங்கள். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் ப்ளீச் சேரக் கூடாது, அதிலும் நச்சு வாயு வரும்.

பள்ளியில் வெள்ளைச் சீருடை நாளுக்கு முந்தைய சாயங்காலம் கேன்வாஸில் சுண்ணக்கட்டியைப் பூசிக்கொண்டு போன தலைமுறை நாங்கள். வரிசையில் நிற்கும் வரை தாங்கும். “அட்டென்ஷன்” என்று குதிகாலைச் சேர்க்கும்போது ஒரு புகை எழும், அதோடு சரி. இன்றைய பிள்ளைகள் வெள்ளை பாலிஷ் பூசுகிறார்கள். துவைத்து நன்றாகக் காய்ந்த கேன்வாஸில் மெல்லிய ஒரு பூச்சு தவறில்லை. அழுக்கின் மேல் பூசினால் அடுத்த மழையில் கால்சட்டை ஓரமெல்லாம் பால் வடியும்.

எடுத்து வைப்பது

பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். ஈரம் அடைபட்டு பூஞ்சை வரும், சில பிளாஸ்டிக்குகளில் சேர்த்திருக்கும் வேதிப்பொருளே வெள்ளைத் துணியை மஞ்சளாக்கும். துணிப்பை போதும். நாற்றத்துக்கு ஒரு கரண்டி சமையல் சோடாவைக் காய்ந்த ஷூவுக்குள் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடுங்கள்.

தட்டும்போது வாசலுக்குப் போய்க் கவிழ்த்துத் தட்டுங்கள், காலை நுழைப்பதற்கு முன்பாகவே. மழைக்காலத்தில் நம் பக்கம் தேளும் பூரானும் ஷூவுக்குள் ஒதுங்கும். போன கார்த்திகையில் நான் தட்டியபோது தேள் வரவில்லை. ஒரு சிறு தேரை குதித்து வந்து, முதுகெல்லாம் சமையல் சோடா ஒட்டியிருக்க, படியிறங்கித் தோட்டத்துக்குப் போனது.